கிட்டார் வராதவர்கள்தான் பேஸ் எடுக்கிறார்களா? ஜான் என்ட்விசிலை வைத்து ஒரு பதில்

ஒரு வாசகர் கேட்டது:

"ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? அவரை எடுத்துவிட்டால் யாருக்காவது தெரியுமா? கிட்டார் சரியாக வராதவரைப் பிடித்து பேஸில் நிறுத்திவிடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்."

பிப்ரவரி 11, இரவு

தவறு. ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்று புரிகிறது. எதில் கேட்கிறீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால் பேஸ் காதில் விழாததில் ஆச்சரியமே இல்லை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் நொடிக்கு 41 தடவை அதிரும். அவ்வளவு கனமான ஒலி வெளியே வர நிறையக் காற்றை அசைக்க வேண்டும். விரல்நகம் அளவு ஸ்பீக்கர் எவ்வளவு காற்றைத் தள்ளும்? அதில் நமக்குக் கிடைப்பது அந்த ஒலியின் மேலடுக்குகள் மட்டும். அடிப்பகுதியை மூளை தானாகவே நிரப்பிக்கொள்கிறது.

காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்றைத் தேடி எடுத்து, தி ஹூ என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'மை ஜெனரேஷன்' கேளுங்கள். 1965 பாட்டு. நடுவில் கிட்டார் தனி ஆவர்த்தனம் வர வேண்டிய இடத்தில் கிட்டார் ஒரு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கும். பேஸ் பதில் சொல்லும். மறுபடி கிட்டார், மறுபடி பேஸ். இப்படி நான்கு தடவை. ராக் பாட்டில் பேஸ் தனியாகப் பேசிய முதல் இடங்களில் ஒன்று அது. வாசித்தவர் ஜான் என்ட்விசில். அப்போதுதான் 21 வயது முடிந்திருந்தது.

அவர் எப்படி அங்கே வந்தார் என்பதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 12, காலை

பிறந்தது 1944 அக்டோபர் 9, மேற்கு லண்டன். அப்பா டிரம்பெட் வாசிப்பவர், அம்மா பியானோ. இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே இருவரும் பிரிந்துவிட்டார்கள். அம்மாவோடு தாத்தா பாட்டி வீட்டில், சவுத் ஆக்டனில் வளர்ந்தார். ஏழு வயதில் பியானோ வகுப்பு. அதில் மனம் ஒட்டவில்லை. 11 வயதில் ஆக்டன் கவுண்டி பள்ளியில் சேர்ந்தபோது டிரம்பெட் எடுத்தார். பிறகு மிடில்செக்ஸ் மாவட்டப் பள்ளிகளின் சிம்பொனி குழுவுக்காக பிரெஞ்சு ஹார்ன்.

பிரெஞ்சு ஹார்ன் தெரியுமா? ஜிலேபி மாதிரி சுருண்ட பித்தளைக் குழாய். வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். வாசிப்பவர் முன்னால் உட்கார்ந்திருக்க, ஒலி அவருக்குப் பின்னால் போகும். அதுவும் சிம்பொனியில் பக்கம் பக்கமாகச் சும்மா எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, சரியான இடத்தில் நாலு சுரம் வாசிக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் மொத்தக் குழுவும் திரும்பிப் பார்க்கும்.

பள்ளியிலேயே பீட் டவுன்ஷெண்ட் நண்பர். இருவரும் சேர்ந்து ஒரு பழைய பாணி ஜாஸ் குழு வைத்தார்கள். இவர் டிரம்பெட், டவுன்ஷெண்ட் பாஞ்சோ. பிற்காலத்தில் தி ஹூவின் கிட்டார் கலைஞராகி, மேடையில் கிட்டாரைப் போட்டு உடைத்த அதே டவுன்ஷெண்ட்! அது நீடிக்கவில்லை. ஊரெல்லாம் ராக் அண்ட் ரோல் பரவிக்கொண்டிருந்தது. ஆம்ப் (ஒலிபெருக்கி) போட்ட கிட்டார்களுக்கு நடுவே டிரம்பெட் வாசித்தால் தன் ஒலி தனக்கே கேட்கவில்லை என்று அவர் கண்டுகொண்டார். என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் சாவி இதுதான்: தன்னைத் தானே கேட்க முடியாத ஒரு பையன்.

அப்புறம் டவுன்ஷெண்ட் அவரை, பின்னாளில் தி ஹூவின் பாடகரான ரோஜர் டால்ட்ரியின் குழுவுக்கு அழைத்துப் போக, கதை தொடங்குகிறது.

பிப்ரவரி 12, மதியம்

காலையில் எழுதிய கடைசி வரி தலைகீழ். திருத்திக்கொள்கிறேன். முதலில் போனது என்ட்விசில். டால்ட்ரி அதே பள்ளியில் படித்து வெளியேற்றப்பட்டவர், தகரப் பட்டறையில் வேலை. 1961-ல் தெருவில் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்துபோன என்ட்விசிலைப் பார்த்து, தன் 'டீடூர்ஸ்' குழுவில் சேரச் சொன்னார். சேர்ந்த பிறகு என்ட்விசில்தான் டவுன்ஷெண்டை ரிதம் கிட்டாருக்குச் சிபாரிசு செய்தார். அந்த டீடூர்ஸ்தான் பிறகு தி ஹூ ஆனது. அதாவது தி ஹூ என்ற பெயருக்கு இன்று முகமாக இருக்கும் டவுன்ஷெண்டை உள்ளே கொண்டுவந்ததே பேஸ் வாசித்தவர்தான். இதை எல்லோரும் மாற்றியே சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

தெருவில் தூக்கிப்போன அந்த பேஸ் கடையில் வாங்கியதில்லை. வீட்டிலேயே செய்தது.

பிப்ரவரி 13

"வீட்டில் செய்ததா? எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் அமெரிக்க ஃபெண்டர் கிட்டார் என்பது கடை ஜன்னலில் பார்த்துவிட்டுப் போகும் சாமான். பள்ளி முடித்த பையனுக்கு எட்டாது. எலெக்ட்ரிக் பேஸ் என்பதோ ஒரு பலகை, ஒரு கழுத்து, நாலு கம்பி, அதிர்வைப் பிடிக்கும் ஒரு காந்தச் சுருள். ஒயிலான வளைவெல்லாம் வேண்டாம் என்றால் மரத்தை அறுத்துச் செய்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள்.

வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார், வருமான வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக. பகலில் கோப்பு, இரவில் மேற்கு லண்டன் கிளப்புகள். குழு முழுநேரத் தொழிலாகும் வரை இந்த இரட்டை வாழ்க்கைதான். நானும் பத்து வருடமாக அலுவலக வேலை பார்ப்பவன். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து கையில் பேஸை எடுக்கும்போது முதல் அரைமணி நேரம் விரல் சொன்னபடி கேட்காது. அதனால்தானோ என்னவோ, அந்த வரி அலுவலகப் பையன் எனக்கு இவ்வளவு நெருக்கம்.

பிப்ரவரி 15

இரண்டு நாள் யோசித்தேன். முதல் நாள் ஒரே வார்த்தையில் "தவறு" என்று அடித்துச் சொன்னது அவசரம்.

டிரம்பெட்டை விட்டதும் அவர் நேராக பேஸுக்கு வரவில்லை. இடையில் கிட்டார் எடுத்துப் பார்த்தார். விரல்கள் பெரியவை. கிட்டாரில் ஆறு கம்பிகள் நெருக்கமாக இருக்கும், அங்கே சிரமப்பட்டார். அதோடு டுவேன் எடியின் கிட்டார் அவருக்கு உயிர். எடி மெல்லிய கம்பிகளை விட்டுவிட்டுத் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்தவர். பெரிய விரல், அடித்தொனி மீது ஆசை, இரண்டும் சேர்ந்து பேஸில் கொண்டுவந்து விட்டன.

ஆக, "கிட்டார் வராதவர்" என்று நீங்கள் சொன்னதில் ஒரு பகுதி அவர் விஷயத்தில் உண்மை. ஆனால் யாரும் அவரைப் பிடித்து அங்கே நிறுத்தவில்லை. தனக்குப் பிடித்த ஒலி எங்கே இருக்கிறதோ அங்கே அவராகப் போனார். கூடவே இன்னொன்று: தி ஹூவின் நால்வரில் முறையாக இசை படித்தவர் அவர் ஒருவர்தான். சுரம் எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் பேஸில் நின்றார் என்றால், பேஸ் என்பது மிச்சம் மீதிக்கான இடம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பிப்ரவரி 15, இரவு

படுக்கப் போகும்போது தோன்றியது. டிரம்பெட்டில் மூன்று பொத்தான்கள், வலது கையின் மூன்று விரல்களால் அழுத்துவது. பிரெஞ்சு ஹார்னில் பொத்தான்கள் இடது கைக்கு. அதாவது பேஸைத் தொடுவதற்கு முன்பே அவருடைய இரண்டு கை விரல்களும் தனித்தனியாக, வேகமாக இயங்கப் பழகிவிட்டன. பியானோ வேறு.

பேஸ் வாசிப்பவர்கள் பெரும்பாலும் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். என்ட்விசில் பிற்காலத்தில் எல்லா விரல்களையும் கம்பிகளுக்கு மேலே நிறுத்தி, தட்டச்சு அடிப்பது போல மேலிருந்து தட்டுவார். 'டைப்ரைட்டர்' முறை என்றே அதற்குப் பெயர். கம்பி ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) மோதி 'டக்' என்று ஒரு சத்தமும் சுரமும் சேர்ந்து வரும். டிரம்பெட் பொத்தானை அழுத்தும் அதே கை அசைவு. தன் விரல் வேலைக்கு டிரம்பெட்டும் ஹார்னும் காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டவர். இடது கைக்கு ஹார்ன், வலது கைக்கு டிரம்பெட் என்று பிரித்தது மட்டும் என் கணக்கு.

பிப்ரவரி 18

'மை ஜெனரேஷன்' கம்பிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தப் பதிவுக்காக டேன்எலெக்ட்ரோ என்ற அமெரிக்க பேஸ் ஒன்றை வாங்கினார். காரணம், அதன் கம்பிகள் மெல்லியவை, ஒலி கணீரென்று வரும். அந்தக் காலத்தில் பேஸ் கம்பி என்றால் மேலே தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பார்கள். தடவினால் வழவழப்பு, ஒலி 'தும் தும்' என்று மூடிக்கொண்டு வரும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. டேன்எலெக்ட்ரோ கம்பியோ அறுந்துவிட்டது. இங்கிலாந்தில் மாற்றுக் கம்பி கிடைக்கவில்லை. என்ன செய்தார்? கம்பிக்காக இன்னொரு டேன்எலெக்ட்ரோவையே வாங்கினார். அதுவும் அறுந்தது. மூன்றாவது பேஸும் வாங்கினார்.

ஒரு கம்பிக்காக மூன்று பேஸ். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து, வீட்டில் மரம் அறுத்து பேஸ் செய்த அதே ஆள்! இதை முதலில் படித்த அன்று எழுந்து அறைக்குள் நடந்தேன். அந்த ஒலி அவர் தலைக்குள் எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் அந்தப் பாட்டில் நாம் கேட்பது டேன்எலெக்ட்ரோவின் ஒலி.

பிப்ரவரி 18, சற்று நேரம் கழித்து

கடைசி வரி பிழை. மூன்றிலும் கம்பி போன பிறகு, கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பேஸில்தான் பதிவு செய்தார். வாசிப்பையும் சற்று எளிமையாக்கிக்கொண்டார். அதாவது நாம் வாய் பிளந்து கேட்கும் அந்த நான்கு துண்டுகள், அவர் மனதில் இருந்ததன் சுருக்கப் பதிப்பு.

பிப்ரவரி 19

கம்பி பற்றி என் பங்குக்கு.

நான் பேஸ் வாங்கியது 34 வயதில், பழையதாக. முன்பு வைத்திருந்தவர் போட்ட கம்பியே அதில் இருந்தது, வியர்வை ஏறிக் கறுத்துப்போய். அதில் என்ன வாசித்தாலும் பாயைத் தட்டுவது போல இருந்தது. எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்துப் புதுக் கம்பி வாங்கினேன். கடைக்காரர் கொடுத்த முதல் செட் என் பேஸுக்கு நீளம் பற்றவில்லை. முறுக்காணியில் முழுதாக ஒரு சுற்றுகூட வராமல் நின்றது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அந்த மாதச் செலவில் துண்டு விழுந்தது. இருந்தாலும் இன்னொரு செட் வாங்கினேன், இந்த முறை உருண்டைக் கம்பி சுற்றியது.

போட்டு முடித்து முதல் சுரத்தைத் தட்டியதும் அறைக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. விரல் கம்பியில் நகரும்போது 'ஸ்ர்ரிக்' என்று ஒரு கீறல் சத்தம். ஒரு வாரத்தில் ஆள்காட்டி விரல் நுனி தோல் உரிந்து, கீழே புதுத் தோல் ரோஜா நிறத்தில் தெரிந்தது. அப்போதுதான் அவர் எதற்காக மூன்று பேஸ் வாங்கினார் என்று கைக்கே புரிந்தது.

இன்னொன்று. கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மேலே வந்து, "தம்பி, தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்களா? தொட்டி நிரம்பி வழியப் போகுது" என்றார். மோட்டார் ஓடவில்லை. நான் வாசித்த மெட்டெல்லாம் அறையிலேயே நின்றுவிட்டது, அதிர்வு மட்டும் தரை வழியாக இறங்கியிருக்கிறது. முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில். பேஸ் கேட்கவில்லை என்று நினைக்கும்போதும் அது வேறு வழியாக வந்துகொண்டிருக்கும்.

பிப்ரவரி 23

கம்பி விஷயத்தை அவர் அப்படியே விடவில்லை. 1966-ல் ரோட்டோசவுண்ட் என்ற ஆங்கிலேய நிறுவனத்தோடு சேர்ந்து, பியானோக் கம்பி போலத் துலங்கும், உருண்டைக் கம்பி சுற்றிய எஃகுக் கம்பிகளை உருவாக்க உதவினார். 'ஸ்விங் பேஸ் 66' என்று இன்றும் விற்கிறது. இன்று ராக்கில் கணீரென்ற பேஸ் ஒலி கேட்கும் இடங்களில் பெரும்பாலும் இருப்பது இந்த வகைக் கம்பிதான்.

அப்புறம் ஆம்ப். 1964-ல் கீத் மூன் ட்ரம்ஸுக்கு வந்தார். மூன் தாளம் பிடிப்பவர் இல்லை. பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டே இருப்பவர். அவருக்கு மேல் தன் ஒலி கேட்க வேண்டுமென்று என்ட்விசில் பெரிய மார்ஷல் ஆம்புகளாக வாங்கினார். உடனே டவுன்ஷெண்டுக்குத் தன் கிட்டார் கேட்கவில்லை. அவரும் வாங்கினார். இவர் இன்னும் பெரிதாக. அவர் அதைவிட. மற்ற குழுக்கள் 50, 100 வாட்டில் இருந்தபோது இவர்கள் 200 வாட்டுக்குப் போய்விட்டார்கள். டிரம்பெட் காலத்துப் பையன் நினைவிருக்கிறதா?

இந்தக் குழுவின் அமைப்பே தலைகீழ். டவுன்ஷெண்டின் பலம் ரிதம். ட்ரம்ஸ் அலைகிறது. அப்போது மெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் வேலை பேஸுக்கு வந்து சேர்ந்தது. 1970 பிப்ரவரி 14-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பதிவான கச்சேரியைக் கேட்டால் இது பச்சையாகத் தெரியும். கிட்டார் ஒன்றுதான், ஆனால் எங்கும் இடைவெளி கிடையாது.

பிப்ரவரி 24

"இவ்வளவு சத்தம் போடும் ஆள் மேடையில் எப்படி?" என்ற கேள்விக்கு: அசையாமல் நிற்பார். டவுன்ஷெண்ட் கையைக் காற்றாலை போலச் சுழற்றுவார், டால்ட்ரி மைக்கைக் கயிறு போல வீசுவார், மூன் ட்ரம்ஸைக் கவிழ்ப்பார். இவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். விரல்கள் மட்டும் ஓடும். 'எருது' என்பது குழுவில் அவர் பட்டப்பெயர். 'இடிவிரல்' என்று பொருள்படும் இன்னொரு பெயரும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஆள் கண்முன் வருகிறார்.

மார்ச் 2

பாட்டு எழுதியதைச் சொல்ல விட்டுப்போனது. 1966-ல் இரண்டாவது ஆல்பத்துக்கு நால்வரும் பாட்டு எழுத வேண்டுமென்று ஏற்பாடு. இசைப் பதிப்பகம் முன்பணம் கொடுத்ததும் அதற்காகவே. என்ட்விசில் எழுதியதில் ஒன்று 'போரிஸ் தி ஸ்பைடர்'. ஒரு சிலந்தி சுவரில் ஊர்ந்து, கடைசியில் நசுக்கப்படும் கதை. பல்லவியில் தொண்டையின் அடியாழத்திலிருந்து ஒரு குரல் வரும், அதுவும் அவருடையதே. குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். என் அண்ணன் மகள் அந்தக் குரலைப் போலப் பேசி வீட்டையே சுற்றி வந்தாள்.

குழுவில் டவுன்ஷெண்டின் பாட்டுகளுக்கே முதலிடம் என்பதால் இவருக்குக் கிடைத்தவை கொஞ்சம். அதனால் 1971-ல் தனி ஆல்பம் வெளியிட்டார். தி ஹூ உறுப்பினர்களில் முதல் தனி ஆல்பம் அவருடையதுதான். அதே ஆண்டு குழுவுக்காக எழுதிய 'மை வைஃப்' பாட்டில் பேஸ், பியானோ, பித்தளைக் குழல்கள், குரல் எல்லாமே அவர். 'டாமி' ஆல்பத்தில் ஒலிக்கும் பிரெஞ்சு ஹார்னும் 1973-ன் 'குவாட்ரோஃபீனியா' ஆல்பத்தில் அடுக்கடுக்காக வரும் பித்தளை ஒலியும் அவர் வாசித்தவை. பள்ளியில் கற்றது எதையும் அவர் தூக்கிப்போடவில்லை.

பாட்டிலிருந்து சற்று விலகி, 'ஃபிராங்கன்ஸ்டைன்' பேஸ் பற்றி: 1967-ல் உடைந்துபோன ஐந்து பேஸ்களின் பாகங்களை எடுத்து, ஹோட்டல் அறையில் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் இரும்பும் வைத்து அவரே ஒன்றாக்கியது. அந்த மூட்டிப் பூட்டிய பேஸ்தான் அவருக்குப் பல வருடம் கைகொடுத்தது. மரம் அறுத்த கை சும்மா இருக்குமா?

மார்ச் 3

நேற்று எழுதியபோது இருந்த குதூகலம் இன்று இல்லை. சத்தத்தைப் பற்றிக் கொண்டாடி எழுதிவிட்டு அதன் விலையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது.

1976 மே 31-ல் லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது, மேடையிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. உலகிலேயே அதிகச் சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதற்குப் பக்கத்தில் இரவுக்கு இரவு நின்ற காதுகள் என்னவாகும்? டவுன்ஷெண்டுக்குக் காதிரைச்சல் வந்தது. என்ட்விசிலுக்கும் பிற்காலத்தில் செவித்திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது. தன் ஒலி தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஆம்புகளை ஏற்றிக்கொண்டே போனவர். இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது.

2002 ஜூன் 27-ல் லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 57. மறுநாள் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்க இருந்தது. மாரடைப்பு, கோகைனும் அதற்குக் காரணமாக இருந்தது என்று பிணப் பரிசோதனை சொன்னது.

வாசிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: காதுக்குப் பஞ்சு போதாது, அதற்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்குங்கள். நான் வாங்கிவிட்டேன்.

மார்ச் 9

"எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டதற்கு. முதலில் 'மை ஜெனரேஷன்', வேறு வழியில்லை. அடுத்து 'குவாட்ரோஃபீனியா'வில் 'தி ரியல் மீ'. பாடகர் ஒரு மெட்டில் போக, பேஸ் கீழே இன்னொரு பாட்டையே பாடிக்கொண்டிருக்கும். மூன்றாவதாக, 2000 நவம்பரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்த 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்'. பேஸை மட்டும் தனியாகப் பிரித்த பதிவு இணையத்தில் கிடைக்கிறது. 56 வயது விரல்கள். முதலில் பேஸை மட்டும் கேளுங்கள், பிறகு முழுப் பாட்டையும். இரண்டாவது தடவை பேஸ் உங்களுக்கு மறையாது.

மார்ச் 16

'மை ஜெனரேஷன்' துண்டுகளில் மூன்றாவது இன்று கைக்கு வந்தது, கொஞ்சம் மெதுவாக. நான்காவதில் இடது கைச் சுண்டுவிரல் எட்டவில்லை. கீழ்வீட்டு அக்கா படி ஏறி வந்தார். இந்த முறை மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. "நேத்து வாசிச்சதுதானே இது, கடைசி கொஞ்சம் மாறியிருக்கு" என்றார்.